புள்ளிகள் கிடைக்கவில்லை

போன ஆடி மாதம் பெரியப்பாவிடமிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது. முதல் வரியே இதுதான்: "உன் மடல் கிடைத்தது. புள்ளிகள் கிடைக்கவில்லை." அதற்குக் கீழே வழக்கமான ஊர்ச் செய்திகள். தாமிரபரணியில் தண்ணீர் வந்திருக்கிறது, வடக்குத் தெரு வேப்பமரத்தை வெட்டிவிட்டார்கள், பெரியம்மாவுக்கு முட்டுவலி பரவாயில்லை. முகவரிக் கட்டத்தை ஒட்டி மிஞ்சிய இடத்தில், பொடி எழுத்தில், திரும்பவும் அதே விஷயம்: "சுவடி வாசிப்பதுபோல் கூட்டி வாசித்துவிட்டேன். இருந்தாலும் மெய்யின் இயற்கை புள்ளியொடு நிலையல் அல்லவா?" மெய்யெழுத்து புள்ளியோடுதான் நிற்கும் என்னும் தொல்காப்பிய நூற்பா அது.

பெரியப்பா அம்பாசமுத்திரத்தில் இருக்கிறார். 34 வருடம் தமிழாசிரியராக வேலை பார்த்தவர். காது மந்தமாகிவிட்டது. போனில் பேசினால் பாதிக்கு மேல் பிடிபடுவதில்லை. அதைக் காட்டிக்கொள்ளாமல் எல்லாவற்றுக்கும் "சரி, சரி" என்பார். அந்தச் "சரி"யைக் கேட்கப் பொறுக்காமல்தான் ஆறு வருடத்துக்கு முன் கடிதம் எழுதத் தொடங்கினேன். மாதம் ஒன்று. நான் இன்லண்ட் லெட்டரில் எழுதுவேன், அவர் 50 காசு அட்டையில் பதில் போடுவார். லை, ணை எல்லாம் 1978 எழுத்துச் சீர்திருத்த அரசாணைக்கு முந்தைய துதிக்கை வடிவத்திலேயே இருக்கும். புள்ளிகளைப் புள்ளியாக வைக்கமாட்டார், கடுகளவு வட்டமாகச் சுழிப்பார். ஒவ்வொரு மெய்யெழுத்தும் தலையில் ஒரு சின்னக் கும்பத்தோடு நிற்கும்.

அந்த அட்டை என்னை உறுத்தியதற்குக் காரணம் இருக்கிறது. புள்ளி வைக்காமல் எழுதும் ஆள் நான் இல்லை. பள்ளியில் ஒரு புள்ளி விட்டால் அரை மார்க் போகும் என்று வளர்ந்தவன். தவிரவும், அந்தக் கடிதத்தை நான் எழுதியது என்னிடம் இருப்பதிலேயே விலை உயர்ந்த பேனாவில். நாற்பதாவது பிறந்தநாளுக்கு எனக்கு நானே வாங்கிக்கொண்டது. 14 காரட் தங்க நிப்பு, ஐரோப்பியத் தயாரிப்பு. விலையை இன்றுவரை வீட்டில் சரியாகச் சொன்னதில்லை. நாட்குறிப்பை எடுத்துப் புரட்டினேன். அந்தப் பேனா வந்த நாளிலிருந்து எழுதிய பக்கங்களை விளக்குக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். புள்ளி வைத்த இடமெல்லாம் காகிதம் லேசாக அமுங்கியிருந்தது. மை இல்லை. ஐந்தில் ஒன்று, சில பக்கங்களில் மூன்றில் ஒன்று, வைத்தும் விழாத புள்ளிகள். எழுதும்போது நான் கவனிக்கவே இல்லை. எழுதியவனுக்குத் தன் எழுத்தில் என்ன இருக்கிறது என்று முன்பே தெரியும். இல்லாததையும் சேர்த்தே வாசித்துக்கொள்வான்.

தமிழில் ஒரு பக்கத்துக்கு எத்தனை புள்ளி என்று அதுவரை நான் யோசித்ததில்லை. "பார்த்துக்கொண்டிருந்தார்கள்" என்று எழுதிப் பாருங்கள். 14 எழுத்து, அதில் 7 புள்ளி. பேனா ஏழு முறை தரையிலிருந்து எழும்பி, காற்றில் நின்று, நேர்ச்செங்குத்தாக இறங்கி ஒரே ஒரு தொடுதலில் மையை விட்டுவிட்டு வரவேண்டும். ஆங்கிலத்தில் ஐ எழுத்துக்கும் ஜே எழுத்துக்கும் தலையில் புள்ளி, வாக்கிய முடிவில் ஒன்று, அவ்வளவுதான். அந்தப் புள்ளி விழாவிட்டாலும் எழுத்து மாறிவிடாது. நமக்கு 'கல்' 'கல' ஆகிவிடும். ஓலையில் எழுத்தாணியால் குத்தினால் ஓலை கிழியும் என்று ஏடெழுதியவர்கள் புள்ளியை விட்டுவிட்டதும், பிறகு சுவடியைப் பதிப்பிக்க உட்கார்ந்தவர்கள் ஒவ்வொரு சொல்லையும் ஊகித்துத் தீர்க்கவேண்டியிருந்ததும் தெரிந்த கதை. பெரியப்பா "சுவடி வாசிப்பதுபோல்" என்றது அதைத்தான். 82 வயதில், ஒரு கண்ணில் புரை எடுத்த மனிதரை, தங்க நிப்பு வைத்துக்கொண்டு அந்தப் பாடு படுத்தியிருக்கிறேன்.

வழவழப்பு என்ற மயக்கம்

பேனா சேர்க்கும் பழக்கம் எப்படி வந்தது என்று விரிக்கப் போவதில்லை. ஆறாம் வகுப்பில் பென்சிலிலிருந்து இங்க் பேனாவுக்கு மாறிய யாருக்கும் அது தெரியும். பிரில் ராயல் ப்ளூ பாட்டில், கண்ணாடி ஃபில்லர், நடு விரலில் ஆறாத நீலம், பக்கத்து பெஞ்சுக்குக் கடனாகக் கொடுத்த சொட்டுகள், எழுதாத நிப்பின் பிளவில் பாதி பிளேடைவிட்டு வழித்தது. கல்லூரியில் பால்பாயிண்ட் வந்து எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போனது. வேலைக்குச் சேர்ந்து பத்து வருடம் கழித்து, ஏதோ ஒரு கடையில் ஹீரோ பேனாவைப் பார்த்து வாங்கியதில் திரும்பத் தொடங்கியது. இப்போது 43 இருக்கின்றன. எல்லாவற்றிலும் எழுதுகிறேன். மை நிரப்பாத பேனா எதுவும் என்னிடம் கிடையாது என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

ஆனால் வாங்கும்போது எதை வைத்து வாங்கினேன் என்று யோசித்தால், நான் படித்த பேனா விமர்சனங்கள் எல்லாமே ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் எழுதியவை. அவர்கள் திரும்பத் திரும்பப் புகழ்வது ஒன்றைத்தான்: நிப்பு வழுக்கவேண்டும், வெண்ணெயில் கத்தி போவதுபோல் போகவேண்டும், மை தாராளமாக இறங்கவேண்டும். சேர்த்தெழுதும் ஆங்கிலக் கையெழுத்துக்கு அது பொருந்தும். ஒரு சொல்லைத் தொடங்கினால் முடிவு வரைக்கும் பேனாவை எடுக்க வேண்டாம். ஓடுகிற நிப்பில் மையும் ஓடிக்கொண்டிருக்கும். நானும் அந்த ருசிக்குப் பழகினேன். ஒவ்வொரு தடவையும் போன பேனாவைவிட வழுக்குகிற ஒன்றைத் தேடினேன். அகல நிப்பு வாங்கி, 'ஞ', 'ணி', 'ழு' எல்லாம் சுழி அடைந்து நீலக் கட்டியாக நிற்பதைப் பார்த்த பிறகும், எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டேனே தவிர நிப்பைச் சந்தேகிக்கவில்லை. நம் எழுத்து வளைவும் சுழியும் நிறைந்தது, அதனால் வழுக்கும் நிப்புதான் அதற்கு ஏற்றது என்று நானே நண்பர்களிடம் பேசியிருக்கிறேன். அது தவறு. வளைவு பாதிதான். மீதிப் பாதி, எடுத்து எடுத்து வைப்பது.

பால்பாயிண்டில் இந்தச் சிக்கல் வேறு விதம். அதன் மை குண்டு உருண்டால்தான் வரும். சும்மா தொட்டால் குழிதான் விழும். அதனால்தான் பால்பாயிண்டில் எழுதுகிறவர்கள் புள்ளியைச் சின்னக் கோடாகக் கீறுகிறார்கள், அல்லது அழுத்தித் திருகுகிறார்கள். நம் புள்ளி கோடாக மாறியதில் அந்தக் குண்டுக்குப் பெரிய பங்கு இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அலுவலகத்தில் யாருடைய தமிழ்க் கையெழுத்தைப் பார்த்தாலும் தலைக்கு மேல் சாய்ந்த கீறல்கள்தான், மழை பெய்வதுபோல.

பாரிமுனையில் ஒரு பிற்பகல்

மையை மாற்றிப் பார்த்தேன். நிப்பைக் கழுவி ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்தேன். அந்தக் காலத்து பிளேடு வைத்தியத்தைத் தங்க நிப்பில் செய்யும் தைரியம் இல்லை. மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை பாரிமுனைக்குப் போனேன். அங்கே போனால் என்.எஸ்.சி. போஸ் சாலையில், 1920களில் தொடங்கிய ஜெம் அண்ட் கோ கடையில் ஒரு தடவை ஏறி இறங்காமல் வரமாட்டேன். அன்று நேரே பின்னால் ஒரு சந்துக்குப் போனேன். பேனா ரிப்பேர் பார்க்கும் ஒரு பெரியவர் அங்கே இருப்பதாக நண்பர் சொல்லியிருந்தார். கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவரின் மேசை மாதிரி ஒரு மேசை, அதன் மேல் தொங்கும் பல்பு, தகர டப்பாக்களில் கழற்றிய நிப்புகள். இன்னொரு நாற்காலி போட இடமில்லாததால் நின்றுகொண்டே பேனாவைக் கொடுத்தேன்.

மூடியைத் திறந்தார், நிப்பை வெளிச்சத்தில் காட்டினார், பேப்பரில் எட்டு எட்டாக நாலு சுழி சுழித்தார். பேனா பட்டாகப் போனது. எனக்கு முகம் சுண்டிவிட்டது. டாக்டரிடம் போனதும் காய்ச்சல் விட்டுவிடுமே, அதுபோல. "நல்லாத்தான் எழுதுது சார்" என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவர் பேனாவை என்னிடம் திருப்பிக் கொடுத்து, "சுழிச்சா எந்தப் பேனாவும் எழுதும் சார். புள்ளி வைங்க" என்றார்.

நான் என் பிரச்சினையை அதுவரை சொல்லவே இல்லை. 'பேனா விட்டு விட்டு எழுதுகிறது' என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

வரிசையாகப் பத்துப் புள்ளி வைத்தேன். ஆறு விழுந்தது. "இப்ப நீங்க எப்பவும் எழுதறதை எழுதுங்க. பேரு, ஊரு, எது வேணா" என்றார். 'அன்புள்ள பெரியப்பாவுக்கு' என்று எழுதினேன். அவர் பேப்பரைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு சொல்லை எழுதி முடித்துவிட்டுத் திரும்பிப் போய்ப் புள்ளிகளை வைக்கிறேன் என்பதையும், புள்ளி வைக்கும்போது பேனாவை எழுதும் சாய்வைவிட நிமிர்த்துகிறேன் என்பதையும் அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். 35 வருடமாக எழுதும் என் கை எனக்குத் தெரியாததை ஐந்து நிமிடத்தில் ஒருவர் பார்த்துவிட்டார்.

பிறகு கண்ணில் வைக்கும் லென்ஸை என்னிடம் கொடுத்து நிப்பின் நுனியைப் பார்க்கச் சொன்னார். தங்க நிப்பு என்கிறோமே தவிர, காகிதத்தைத் தொடுவது தங்கம் இல்லை. தங்கம் மென்மையானது, சீக்கிரம் தேய்ந்துவிடும். அதனால் நுனியில் கடினமான வேறொரு உலோகத்தைப் பொட்டுப்போல ஒட்டி, அதற்கு நடுவே பிளவு அறுத்து, பிறகு மெருகு போடுகிறார்கள். லென்ஸில் அந்தப் பொட்டு உடைத்த உளுந்தின் இரு பாதியைப்போலத் தெரிந்தது. பிளவின் இரண்டு உள்விளிம்பும் மெருகு போட்டுப் போட்டு உருண்டு, உள்பக்கமாகச் சரிந்திருந்தன. பெரியவர் விளக்கினார்: மை பிளவு வழியாக நுனி வரைக்கும் வந்துவிட்டது, ஆனால் பள்ளத்தில் நிற்கிறது, காகிதம் மேட்டில் படுகிறது. வாய்க்காலில் தண்ணீர் இருக்கிறது, கரை உயரமாக இருப்பதால் வயலுக்கு ஏறவில்லை. பேனாவை இழுத்தால் அந்த ஓட்டத்தில் மை ஏறிவிடும். அதனால் கோடு வரும், வளைவு வரும். தொட்டு எடுத்தால் வராது. "ரொம்ப வழவழன்னு இருக்கணும்னு இழைச்சிருக்காங்க. அவங்க ஊர் எழுத்துக்குச் சரி" என்றார்.

சரிசெய்ய முடியும், ஆனால் நுனியைக் கொஞ்சம் தேய்க்கவேண்டும் என்றார். "வழவழப்பு கொஞ்சம் போயிடும். பேப்பர் கைக்குத் தெரியும். பரவாயில்லையா?" அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை என்னால். எந்த வழவழப்புக்காக அவ்வளவு பணம் கொடுத்தேனோ அதைத் தேய்த்து எடுக்கச் சம்மதமா என்கிறார். தெருவில் தள்ளுவண்டி ஒன்று ஒதுங்க வழியில்லாமல் நின்று ஹாரன் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பெரியப்பா பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, 'க'வா 'க்'கா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பது கண்ணுக்கு முன் வந்தது. தேய்த்துவிடுங்கள் என்றேன்.

கையளவு கண்ணாடித் துண்டின் மேல் மெல்லிய உப்புத்தாளை விரித்து, மை நிரப்பியபடியே, என் கைச்சாய்வில் பேனாவைப் பிடித்து ஐந்தாறு தடவை எட்டுப் போட்டார். நிமிர்த்திப் பிடித்து இரண்டு தடவை. லென்ஸில் பார்த்தார். திரும்ப இரண்டு. அவ்வளவுதான், மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது. அவர் நீட்டிய பேப்பரில் புள்ளி வைத்தேன். இருபது வைத்து இருபதும் விழுந்தது. 150 ரூபாய் கேட்டார். கூடக் கொடுத்ததை வாங்கவில்லை.

எஃகு

அன்றிரவு எல்லாப் பேனாவையும் மேசையில் பரப்பிவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பேனா வாங்கினால் பிள்ளையார் சுழி போட்டுப் பார்ப்பதுதான் வழக்கம். அதுவும் சுழிதான், எந்தப் பேனாவும் எழுதிவிடும். அதற்குப் பதிலாக ஒரு சொல் தேடினேன். 'எஃகு' என்று வந்து நின்றது. ஆய்தத்தின் மூன்று புள்ளியும் அடுத்தடுத்து, தொட்டுத் தொட்டு வைக்கவேண்டியவை. நிப்புகளில் பெரும்பாலானவை எஃகு என்பதில் ஒரு சந்தோஷமும் சேர்ந்துகொண்டது. மூடியைத் திறந்து, ஐந்து நிமிடம் மின்விசிறிக்குக் கீழே அப்படியே வைத்து, பிறகு அந்தச் சொல்லை எழுதுவது என்று வைத்துக்கொண்டேன். ஏனென்றால் நான் எழுதுவது அப்படித்தான், அடுத்த வாக்கியத்தை யோசித்துக்கொண்டு திறந்த பேனாவோடு உட்கார்ந்திருப்பேன்.

43இல் மூன்று புள்ளியும் தடங்கலின்றி விழுந்தவை 19. விலைக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பைலட், பிளாட்டினம், செய்லர் என்ற ஜப்பானிய ஃபைன் நிப்புகளில் ஒன்றுகூடத் தவறவில்லை. சின்னக் கட்டத்துக்குள் பத்துப் பதினைந்து கோடுகளை எடுத்தெடுத்து எழுதும் மொழிக்காரர்கள் செய்த நிப்பு. ஐரோப்பிய ஃபைனைவிட மெல்லியது, காகிதத்தை லேசாகப் பிடித்துக்கொள்ளும். முன்பெல்லாம் அந்தப் பிடிப்பைக் கீறல் என்று குறை சொல்லி ஒதுக்கிவைத்திருந்தேன். ஹீரோ 616ம் தேறியது. அதற்கு வேறு காரணம். 1941இல் கடைக்கு வந்த பார்க்கர் 51ஐப் பார்த்துச் செய்த பேனா அது. நிப்பு முழுக்க உறைக்குள் ஒளிந்து மூக்கு மட்டும் வெளியே தெரியும், அதனால் விசிறிக் காற்றில் மை காய்வதில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கென்று விற்கும் 30 ரூபாய்ப் பேனாவும் தேறியது. அதற்கு யாரும் மெருகு போட்டு மெனக்கெடவில்லை என்பதுதான் காரணமாக இருக்கவேண்டும். தோற்றவற்றில் என் மனதுக்கு மிக நெருக்கமான நான்கு இருந்தன.

அவற்றை விற்கவில்லை. நான்கையும் ஒவ்வொன்றாகப் பாரிமுனைக்குக் கொண்டுபோகிறேன், இரண்டு முடிந்திருக்கிறது. ஆனால் தினசரிப் பேனா மாறிவிட்டது. இப்போது சட்டைப் பையில் இருப்பது திருவள்ளூர் ரங்கா பேனா, கருப்பு எபோனைட். ரப்பரையும் கந்தகத்தையும் சேர்த்துச் சூடாக்கி இறுகவைத்த பொருள் அது. உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் இன்னும் கந்தக வாசனை வரும். கடைசல் எந்திரத்தில் ஒவ்வொன்றாகக் கையால் கடைந்து எடுக்கிறார்கள். ஃபில்லரால் நேராக உடலுக்குள் மை ஊற்றிக்கொள்ளும் வகை. மற்ற பேனாக்களுக்குள் செருகும் மைக்குழாயான சாதாரண கன்வர்ட்டரில் ஒரு மில்லிகூடப் பிடிக்காது, இதில் மூன்று மில்லிக்கு மேல் நிற்கும், எனக்கு இரண்டு வாரத்துக்குக் குறையாமல் வருகிறது. பாதிக்குக் கீழே மை குறைந்துவிட்டால் கவனமாக இருக்கவேண்டும். கைச்சூட்டில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து, ஒரு சொட்டு மையைக் காகிதத்தின் நடுவில் தள்ளிவிடும். சித்திரை வெயிலில் இரண்டு தடவை அப்படி ஆகியிருக்கிறது. அந்தச் சொட்டைப் பார்த்து எனக்குக் கோபம் வரவில்லை. தொட்டும் விழாத புள்ளியைவிட, கேட்காமல் விழும் புள்ளி மேல்.

புள்ளியை நான் வைக்கும் விதமும் மாறியிருக்கிறது. சொல் முடிந்த பிறகு திரும்பிப் போய் வைப்பதை விட்டுவிட்டேன். எழுத்து முடிந்ததும் அதற்கான புள்ளி, பிறகுதான் அடுத்த எழுத்து. முதல் மாதம் கை தடுமாறியது, வேகம் பாதியானது. இப்போது அந்த வேகம்தான் என் வேகம். வாக்கியங்கள் சின்னதாகியிருக்கின்றன என்று நாட்குறிப்பைப் பார்த்தால் தெரிகிறது. அது நல்லதா கெட்டதா என்று எனக்கு இன்னும் தீர்மானமாகவில்லை.

ஐப்பசி கடைசியில், தேய்த்துவாங்கிய தங்க நிப்பாலேயே பெரியப்பாவுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினேன். பாரிமுனைக் கதை முழுவதையும் எழுதினேன், பெரியவர் சொன்ன வாய்க்கால் உவமை உட்பட. பெரியப்பா வயலும் வாய்க்காலும் பார்த்து வளர்ந்தவர், அது அவருக்குப் பிடிக்கும் என்று தெரியும். பதில் வர பன்னிரண்டு நாள் ஆனது. வழக்கமான ஊர்ச் செய்திகள். மழை விடாமல் பெய்கிறது, பெரியம்மா ரசப்பொடி அனுப்பியிருக்கிறாள், வந்ததா? பேனாவைப் பற்றி, அந்தப் பெரியவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அட்டையைத் திருப்பினேன். முகவரிக் கட்டத்தை ஒட்டி, மிஞ்சிய இடத்தில், பொடி எழுத்தில் இருந்தது: "இரண்டாம் பக்கம், எட்டாம் வரி. 'தேய்த்தப் பேனா' என்று எழுதியிருக்கிறாய். பெயரெச்சத்தின் பின் வல்லினம் மிகாது. அந்தப் பகரப் புள்ளியை எடுத்துவிடு."